வைக்கோல் ஏற்றுமதி

கொங்கு நாட்டில் ஏற்றுமதி என்றால் திருப்பூர்தான். பனியன்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே டாலர், யூரோ பேசுவார்கள். கோயமுத்தூரில் பெரிய பம்ப் கம்பெனிகளும் மில்களும் கப்பலில் அனுப்புகின்றன. காகித வேலைக்கென்றே அங்கே தனி ஆட்கள் உண்டு. இவர்களுக்கெல்லாம் கீழே, யார் கண்ணிலும் படாத இன்னொரு ரகம் இருக்கிறது. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர் சந்துகளில் பட்டறை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஏதோ சில லோடு வெட் கிரைண்டரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, விசிட்டிங் கார்டில் ‘எக்ஸ்போர்ட்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளும் ரகம். நான் அந்த ரகம்.

கிரைண்டர் செய்வதில் என்மேல் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கல் ஊத்துக்குளிப் பக்கத்தது, மோட்டார் உள்ளூரில் சுற்றியது. இட்லி தின்கிற தமிழன் குடியேறிய ஊரிலிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறது. எனக்கு வராதது அனுப்புகிற கலை. அதைவிடப் பெரிய வியாதி ஒன்றும் உண்டு: அனுப்புகிற செலவில் மிச்சம் பிடிப்பது. எங்கள் பக்கம் இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘கணக்கான ஆளுங்க’ என்பார்கள். அந்தப் பட்டத்துக்கு நான் கொடுத்த விலையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் முதலில் தோற்ற எல்லை கடலில் இல்லை. வாளையாறில். ஜி.எஸ்.டி.க்கு முந்தின காலம். கொச்சித் துறைமுகத்துக்கு ஒரு டெம்போவில் சரக்கு ஏற்றினேன். காகிதம் எழுத ஏஜெண்டுக்குக் காசு எதற்கு என்று நானே பில் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தும் கொண்டேன். செக்போஸ்ட்டில் லாரிகள் கண்ணுக்கு எட்டியமட்டும் நின்றன. எங்கள் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எவிடப் போகுது?” என்றார். “தோஹாங்க” என்றேன் பெருமையாக. “இந்தப் பேப்பர்ல பாலக்காடு கூடப் போக முடியாது” என்றார். அவர் சொன்னது சரி. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, டிரைவர் அடியில் பாய் விரித்து நிம்மதியாகத் தூங்கினார். நான் விடிய விடியக் கொசு அடித்தேன். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம். எனக்கு, தாமதத்துக்குச் சொல்லிவந்த நல்ல சாக்கு ஒன்று போயிற்று.

விமானத்திலும் தோற்றிருக்கிறேன். பட்டறை வாசலில் நின்றால் பீளமேட்டிலிருந்து ஏறுகிற விமானம் தெரியும். தலைக்கு மேலே போவதை அனுப்புவதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும் என்ற அலட்சியம் இருந்தது. சிங்கப்பூருக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் சாம்பிள். உடையக்கூடாதே என்று சுற்றிலும் தெர்மாகோல் கொடுத்து, 60 சென்டிமீட்டருக்கு 60-க்கு 60 ஒரு பெட்டி செய்தேன். தராசில் 14 கிலோ. கூரியர்காரப் பையன் டேப் வைத்து அளந்தான், கால்குலேட்டரைத் தட்டினான், “நாப்பத்தி மூணு கிலோவுக்கு மேலேங்ணா” என்றான். நான் தராசைக் காட்டினேன். அவன் டேப்பைக் காட்டினான். மூன்று அளவையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருகிற எடைக்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. கூரியருக்கு 5000, ஏர் கார்கோவுக்கு 6000. மீதி எடைக்கு நான் சிங்கப்பூருக்கு அனுப்பியது சிங்காநல்லூர்க் காற்று. ஆளாளுக்குச் சொல்கிறார்கள், குளத்துப்பக்கத்துக் காற்று நல்ல காற்று என்று. அந்த விலை பெறுமா தெரியவில்லை.

இனி வைக்கோல்.

மெல்போர்னிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் முதல் கன்டெய்னர் ஆர்டர் கொடுத்தார். ஆஸ்திரேலியா பூச்சி, விதை, மண் விஷயத்தில் கெடுபிடியான தேசம் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். அதனால் மரப்பலகை விஷயத்தில் நான் துளி மிச்சம் பிடிக்கவில்லை. பேலட் மரத்தை உள்நடு வரைக்கும் 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்து எடுக்க வேண்டும். பிறகு அதன்மேல் கோதுமைக் கதிர் படமும், ஐ.என். என்ற நாட்டு எழுத்தும், ஹெச்.டி. என்ற அடையாளமும் போட்ட முத்திரை குத்த வேண்டும். உலகம் முழுக்க ஒரே விதி. ஒவ்வொரு பேலட்டிலும் அந்த முத்திரையைக் கையால் தடவிப் பார்த்தேன். போட்டோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்பினேன்.

லோடு ஏற்றும் நாள் டிரெய்லர் எங்கள் சந்துக்குள் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு சன்ஷேடும் கரண்ட் ஒயரும் வழிவிடவில்லை. முந்தின நாளே ஆள் விட்டு அளந்திருக்கலாம். டிரான்ஸ்போர்ட்டில் அதற்குத் தனியாகக் கேட்டார்கள் என்று விட்டுவிட்டேன். டிரெய்லரைத் திருச்சி ரோட்டில் நிறுத்தி, இரண்டு சின்ன யானை வண்டிகளை வாடகைக்குப் பிடித்து, பட்டறைக்கும் ரோட்டுக்குமாக நடை அடித்து ஏற்றினோம். பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் பேலட்டுகளுக்கு நடுவிலும் கதவுப் பக்கத்திலும் இடைவெளி. கடல் ஆட்டத்தில் கல் நகர்ந்தால் டிரம் நசுங்கும். இடைவெளிக்குக் காற்றுப்பை என்று ஒன்று விற்கிறது, ஊதி நடுவில் சொருகிவிடலாம். விலை கேட்டேன். வேண்டாம் என்றேன். என் மாமனார் ஊர் கோபி. அங்கே வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து மாட்டுக்கென்று கொண்டுவந்து பட்டறையில் போட்டிருந்த ஒரு போர் அப்படியே கிடந்தது. சாக்குச் சாக்காக அள்ளித் திணித்தோம். வேலைக்காரர்கள் வியர்த்துப்போய் நிற்க, நான் கதவைச் சாத்தி சீல் வைத்துவிட்டு, “ஒரு பைசாச் செலவில்ல பாரு” என்றேன்.

அந்தச் சரக்கோடு பேக்கிங் டிக்ளரேஷன் என்று ஒரு தாள் போக வேண்டும். தடைசெய்த பொருள் எதையாவது வைத்துக் கட்டியிருக்கிறீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. எவையெல்லாம் தடை என்ற பட்டியலில் வைக்கோல் பெயரோடு இருக்கிறது. ஏஜெண்ட் ஆபீஸ் தம்பி வழக்கம்போல ‘இல்லை’ என்று அடித்து நீட்டினான். “அண்ணா, ஒருக்கா படிச்சுட்டுப் போடுங்” என்றான். நான் பேனாவைத் திறந்துகொண்டே, “மரத்துக்கெல்லாம் பக்காவா சர்டிபிகேட் இருக்குது தம்பி” என்று கையெழுத்துப் போட்டேன்.

அங்கே போய்க் கதவைத் திறந்ததும் சோதனைக்காரர்கள் மேல் வைக்கோல் சரிந்திருக்கிறது. எனக்குப் போட்டோ வந்தது: முத்திரை குத்திய அருமையான பேலட், அதைச் சுற்றிக் கோபிச்செட்டிபாளையம். சரக்கை நிறுத்தினார்கள். ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி, வைக்கோலை ஒரு இணுக்கு விடாமல் பொறுக்கி அழித்து, கன்டெய்னரைக் கழுவி, அதற்கான செலவு, அதுவரை வைத்திருந்த வாடகை, எல்லாவற்றையும் பில்லாகப் போட்டார்கள். அந்தக் காசுக்குக் கோபியில் நடவு வயலே குத்தகைக்கு எடுத்திருக்கலாம். வாங்கியவர் நல்ல மனுஷன், சத்தம் போடவில்லை. ஃபோனில் நிதானமாக, “அண்ணை, வைக்கல் வந்து சேர்ந்திட்டுது. மாடு எப்ப வரும்?” என்றார். இன்றுவரைக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் முடிவில் அதைக் கேட்காமல் அவர் ஃபோனை வைப்பதில்லை.

எடை விஷயமும் இப்படித்தான். 2016 ஜூலை 1 முதல், சரக்கு ஏற்றிய கன்டெய்னரின் சரிபார்த்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். தப்பான எடையால் அடுக்கு சரிந்து கப்பலுக்கே ஆபத்து வந்த அனுபவத்தில் வந்த விதி அது. இரண்டு வழி: லோடோடு எடைமேடையில் ஏற்றலாம், அல்லது ஒவ்வொரு பெட்டியாக எடை போட்டுக் கூட்டி, காலி கன்டெய்னர் எடையையும் சேர்க்கலாம். எடைமேடைக்குச் சில நூறு ரூபாய்தான். நான் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன்: பழைய கேட்லாக்கைப் பார்த்துப் பெருக்குவது. நடுவில் ஹோட்டல் மாடலுக்குக் கல்லைப் பெரிதாக்கியிருந்தோம். கேட்லாக்குக்கு அது தெரியாது. தூத்துக்குடியில் எடை உதைத்தது. திருத்திக் கொடுப்பதற்குள் கப்பல் போய்விட்டது.

கப்பல் போனால் அடுத்த கப்பல் வரும். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி சொல்லும் எல்.சி. அப்படியில்லை. இன்ன தேதிக்குள் ஏற்ற வேண்டும், ஏற்றினபின் இத்தனை நாளுக்குள் காகிதம் வங்கிக்கு வர வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். போடாவிட்டால் 21 நாள் என்பது உலக வழக்கம். கிரைண்டர் நன்றாக அரைக்குமா, மாவு பொங்குமா என்பதெல்லாம் வங்கிக்கு ஒரு பொருட்டில்லை. அவர்கள் பார்ப்பது காகிதத்தை மட்டும்தான். ஒருநாள் தவறினாலும் தவறினதுதான். திருத்தம் கேட்டு வாங்கியவர் காலில் விழுந்து, திருத்தக் கட்டணமும் நானே ஏற்று, அதையும் டாலரில் பிடித்துக்கொண்டு மீதி வந்தது. எங்கள் கணக்கையெல்லாம் பார்ப்பது வீட்டுக்காரம்மா. வங்கி அட்வைஸைப் பார்த்துவிட்டு, “ஏனுங், எடை போட எவ்வளவு கேட்டாங்க?” என்று மட்டும் கேட்டாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

2021 மார்ச் 23-ஆம் தேதி எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. 400 மீட்டர் நீளம். ஆறு நாள் உலகமே பார்த்தது. நானும் டிவி முன்னால் உட்கார்ந்து, இவ்வளவு பெரிய கப்பலை இப்படியா ஓட்டுவார்கள் என்று விமர்சனம் செய்தேன். லண்டன்காரர் ஒருவருக்குக் கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து விலை கொடுத்திருந்ததும், அந்தக் கொட்டேஷனில் ‘இன்ன தேதி வரை’ என்று எழுதாமல் விட்டதும் அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த வருஷம் முழுக்கக் காலி கன்டெய்னருக்கே அடிதடி. கூலி பல மடங்கு ஏறின நேரத்தில் அவர் மெதுவாக ஆர்டரை உறுதி செய்தார். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பத்து நாளுக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டி வந்தது. அப்போதாவது தேதி போட்டிருந்தேனா என்று கேட்காதீர்கள்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. கொழும்பில் ஒரு பழைய வாடிக்கைக்காரர், சொன்ன சொல் தவறாதவர். 2000 மார்ச் முதல் அமலில் உள்ள இந்திய-இலங்கை ஒப்பந்தச் சலுகைக்கான மூலச் சான்றிதழைக்கூட நான் தாமதமாக அனுப்பி, அவர் வரி கட்டிவிட்டு வாய்திறக்காமல் இருந்திருக்கிறார். அவருக்கு 90 நாள் கடனில் சரக்கு போட்டேன். 2022 வசந்தத்தில் அந்த நாட்டில் டாலர் வற்றியது. 200 ரூபாய் வாக்கில் இருந்த டாலர் சில வாரங்களில் 360-ஐத் தொட்டது. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதையே அரசு நிறுத்திவைத்தது. “தம்பி, என்னட்ட காசு இருக்கு. வங்கியிலதான் டாலர் இல்லை” என்றார். இப்படிப்பட்ட நிலைமைக்கென்றே இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனம் 1957 முதல் இருக்கிறது. பிரீமியம் கட்டினால், வாங்குபவர் நாட்டிலிருந்து பணம் வெளியே வர முடியாமல் போனாலும் ஈடு உண்டு. அந்தப் பிரீமியத்தைத்தான் நான் அந்த வருஷம் மிச்சம் பிடித்திருந்தேன். அவர் தவணை தவணையாக முழுதும் கட்டி முடித்தார். ஒருதடவைகூட நான் கேட்டு அனுப்பவில்லை, அவராக அனுப்பினார். என் சாமர்த்தியத்தால் வந்த பணம் அல்ல அது.

இத்தனைக்கும் பிறகு, இப்போது எடைமேடைக்குப் போகிறேன், காற்றுப்பை வாங்குகிறேன், இ.சி.ஜி.சி. கட்டுகிறேன். கைக்காசை இப்படி வாரி இறைக்கப் பழகிய பிறகு நடந்ததுதான் கடைசி விஷயம். ஏற்றுமதி செய்ய ஐ.இ.சி. எண் வேண்டும், ஆன்லைனில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும். 2021-லிருந்து, விவரம் எதுவும் மாறாவிட்டாலும், வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் உறுதி செய்ய வேண்டும்; இல்லையென்றால் எண் செயலிழந்துவிடும். ஜூலையில் ஷிப்பிங் பில் போட உட்கார்ந்த ஏஜெண்ட் தம்பி என் பக்கம் திரும்பி, “அண்ணா, உங்க ஐ.இ.சி. செத்துப்போச்சுங்” என்றான். லோடு பட்டறையில், டிரெய்லர் திருச்சி ரோட்டில்.

ஐ.இ.சி. வைத்திருக்கிறவர்கள் ஜூன் 30-க்குள், அந்த எண்ணைத் தருகிற டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் உறுதி செய்து முடித்துவிடுங்கள். அந்த மூன்று மாதமும் அதற்குக் கட்டணம் கிடையாது.