சாவி வைத்திருப்பவர் சமூகத்துக்கு

பெறுநர்: சாவி வைத்திருக்கும் அண்ணனுக்கும் மேலே உள்ள உயர் அதிகாரி அவர்கள், கடலோரம்.

பொருள்: தங்கள் பூட்டைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பார்வை: உச்சி வெயிலில் நின்று பார்த்தது.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கையில் நாலு காசு புரண்ட தெம்பில் எங்கள் தெருப் பெண்கள் ஒரு வேன் பிடித்துப் போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் கடற்கரை நகரத்துக்கு வந்தோம். கடலைப் பார்த்தோம். அதைவிட அதிக நேரம் தங்கள் பூட்டைப் பார்த்தோம்.

நல்ல பூட்டு ஐயா. உப்புக்காற்றில் உங்கள் ஊர் ஜன்னல் கம்பி, விளக்குக் கம்பம், வழிகாட்டிப் பலகை எல்லாம் துருவேறி உதிர்ந்துகொண்டிருக்க, சுற்றுலாப் பயணிகளுக்கான நவீனக் கட்டணக் கழிப்பறையின் கதவில் அது மட்டும் பொன்னாக மின்னியது. பக்கத்திலேயே திறப்பு விழாக் கல்வெட்டு. அதில் பெயர் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்தால் உள்ளே இடம் போதாது. வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் கட்டியிருக்கிறீர்கள்.

டீக்கடையில் கேட்டோம். “சாவி அண்ணன்கிட்ட இருக்கு” என்றார்கள். எந்த அண்ணன்? “அதான், சாவி வச்சிருக்குற அண்ணன்.” அவர் எங்கே? “மாயவரத்துல ஒரு காதுகுத்து. சாயங்காலம் வந்துடுவாரு.” போன் போட்டுப் பார்த்தார்கள், சுவிட்ச் ஆஃப். அங்கே நின்ற காவலாளித் தம்பி எங்கள் முகத்தைப் பார்த்து மனமிரங்கி ஒரு வழி சொன்னார்: “அதுக்கென்னக்கா, கருவக்காடுதான் கெடக்கே.”

எங்கள் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, முட்டி வலி. நானும் நாத்தனாரும் ஆளுக்கொரு முனையாகப் புடவையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்க, கருவமுள்ளுக்கு நடுவில் உட்காரவும் முடியாமல், உட்கார்ந்தபின் எழவும் முடியாமல் அவர் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. பாதையில் பைக்கில் போன பையன்கள் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். வேனில் ஏறியதும் அத்தை சொன்னது ஒரே வார்த்தை: “இனிமே என்னைய எங்கயும் கூப்புடாதீங்கம்மா.”

அது கிடக்கட்டும். பாராட்ட வந்த இடத்தில் புலம்பக் கூடாது. தங்களிடம் இருக்கும் இந்தப் பூட்டும் திறமையும் நம் முன்னோர்களுக்கு இருந்திருந்தால் சோழமண்டலக் கரையின் சரித்திரமே எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய ராஜா நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினார். கடல் கடந்து வந்தவன் கும்பிட ஒரு இடம் வேண்டுமே என்று அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதிக்கொடுத்தான் சோழன். அன்றைக்கு அண்ணன் காதுகுத்துக்குப் போயிருந்தால் கிராமம் மிச்சம். 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்து நின்றபோது ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார், அவர்கள் கோட்டை கட்டினார்கள். சாவி மாயவரத்தில் இருக்கிறது, சாயங்காலம் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கப்பலைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள். தரங்கம்பாடிக்கு மாயவரத்திலிருந்து 1926-லிருந்து ரயில் ஓடியது, எண்பதுகளில் அதை நிறுத்தியாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ம் தேதி கொடியசைத்துக் கப்பல் விட்டார்கள், அந்த மாதம் முடிவதற்குள் மழைக்காலம் என்று நிறுத்தினார்கள், மறுபடி விட 2024 ஆகஸ்ட் ஆயிற்று. கடலுக்கும் அண்ணனிடம்தான் சாவி இருக்கிறதோ என்னவோ.

இதில் எனக்குத் தனியாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நான் ஒரத்தநாட்டுக்காரி. எங்கள் ஊர் முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி 1802-ல் ஏற்படுத்தியது. தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகிற வழி நெடுக மராட்டிய ராஜாக்கள் இப்படிச் சத்திரம் சத்திரமாகக் கட்டிவைத்திருந்தார்கள். நெப்போலியன் வீழ்ந்ததற்குக்கூட மல்லிப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் மனோரா என்று எட்டடுக்குக் கோபுரம் எழுப்பிய ஆள் சரபோஜி. வெள்ளைக்காரனுக்குக் காக்கா பிடித்தார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1799-ல் நாட்டின் சாவியைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்ட அந்த மனிதர், சத்திரத்துச் சாவியை மட்டும் விடமாட்டேன் என்று நின்றார். 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. வழிப்போக்கர் எந்தச் சாதியானாலும் சோறு. கைக்குழந்தைக்குப் பால். வழியில் சீக்கு வந்து விழுந்தவனுக்கு வைத்தியர். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தனிக் கவனிப்பு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிட்டுப் போடுவார்களாம்.

நள்ளிரவில் ஐயா! மணியடித்து! நாங்கள் பட்டப்பகலில், கையில் ஐந்து ரூபாய் சில்லறையோடு நின்றோம்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? எங்கள் பெண்கள் ஊர்ப்பயணம் என்றால் முதல்நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். தாலுகா ஆபீஸ், பேருந்து நிலையம், கல்யாண மண்டபம், கோயில், எங்கே போனாலும் இதே கதைதான். வெயிலில் நா வறண்டு, தலை சுற்றி, நீர்க்கடுப்பு வந்து, அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, சீரகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடப்பார்கள். இதெல்லாம் எதற்கு? வரிப்பணத்தில் டைல்ஸ் ஒட்டிக் கட்டிய ஒரு அறையைத் திறந்துவைக்க உங்களுக்கு ஆள் இல்லை என்பதற்கு. கழுவ ஆள் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டும், பூட்டுக்குச் சம்பளம் கிடையாது. இந்தக் கணக்குப் போட்டவர் வீட்டில் அம்மா கிடையாதா, அக்கா தங்கை கிடையாதா?

மன்னிக்கவும். வெயில் ஏறிவிட்டது. தங்கள் மேன்மைக்கு வருகிறேன்.

1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் துரை, அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் தண்டனை என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுச் சமாளித்தார்கள். துரைக்கு விவரம் போதாது. வழி நெடுக நவீனக் கழிப்பறை கட்டி, கல்வெட்டு வைத்து, பூட்டி, சாவியை அண்ணனிடம் கொடுத்திருந்தால் தொண்டர்கள் கும்பகோணத்தோடு திரும்பியிருப்பார்கள். வெள்ளைக்காரன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பான்.

ஆகவே தாங்கள் பூட்டை எடுக்க வேண்டாம். அவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. அந்த டீக்கடை அக்கா விடிவதற்கு முன்பே கடை திறந்து ராத்திரிவரை அங்கேயேதான் இருக்கிறார். சாவியை அவரிடம் கொடுங்கள். வசூலாகும் காசில் ஒரு பங்கை அவருக்கும், கழுவுகிற பெண்ணுக்கு மாதச் சம்பளத்தை முதல் தேதியிலும் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் ஏற்றுங்கள். இதற்கு அரசாணை வேண்டாம், கமிட்டி வேண்டாம், இன்னொரு கல்வெட்டு நிச்சயமாக வேண்டாம்.

ஆடி அமாவாசைக்குப் பூம்புகார், வேதாரண்யம், கோடியக்கரை என்று டெல்டா முழுக்க வேன் கட்டிக்கொண்டு கடலில் முழுக வரும். வயசான பெண்கள்தான் அதில் அதிகம். அதற்குள் செய்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் பூட்டின் ரசிகை,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.