கடைசிப் பக்கம் வரை

1990களின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்தேன். ஜெர்மனியில் மாலை ஐந்து என்றால் நமக்கு இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. பையர்கள் அளவுத் திருத்தத்தையும் கலர் மாற்றத்தையும் ஃபேக்ஸில் அனுப்பும் நேரம் அதுதான். காலையில் கட்டிங் மேசையில் துணி விரிப்பதற்குள் அந்தத் தாள் ஃபேக்டரியில் இருந்தாக வேண்டும். அதனால் அலுவலகத்துக்கு வரும் ஃபேக்ஸ் அழைப்பை, இரவில் இபிஏபிஎக்ஸ் எனும் அலுவலகத் தொலைபேசி இணைப்புப் பெட்டி வழியாக ஃபேக்டரி நம்பருக்குத் திருப்பிவிடும்படி செய்தோம்.

அனுப்பும் மிஷின் 1100 ஹெர்ட்ஸில் அரை விநாடி கூவும். மூன்று விநாடி விட்டு மறுபடி கூவும். இபிஏபிஎக்ஸ் அதைக் கேட்டு இது ஃபேக்ஸ் என்று கண்டுகொள்ளும். பிறகு இன்னொரு லைனை எடுத்து ஃபேக்டரிக்கு டயல் செய்து இரண்டையும் இணைக்கும். ஒரு ஃபேக்ஸுக்கு இரண்டு வெளி லைன் (டிரங்க்) போய்விடும். இரண்டு லைன்களைக் கடக்கையில் ஒலி தேயும். மிஷின்கள் விநாடிக்கு 9600 பிட் வேகத்திலிருந்து 4800க்கும் 2400க்கும் இறங்கி வரும். அழைப்பு முடிந்ததை எக்ஸ்சேஞ்ச் சொல்லாத இடங்களில் இரண்டு லைனும் விடுபடாமல் பிடித்துக்கொண்டே கிடக்கும். அதற்காகக் கால வரம்பு வைக்க வேண்டும். வெளியாட்கள் நம் லைனில் எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) பேசிவிடாதபடி அந்த ஒரே நம்பருக்கு மட்டும் அனுமதி தர வேண்டும்.

இதையெல்லாம் அமைத்த டெக்னீஷியன் எங்கள் ஆபரேட்டரிடம் சொன்னார்: “அக்கா, பேச்சுன்னா பாதி கேட்டாலும் மனுசங்க புரிஞ்சுக்குவாங்க. மிசினுக்கு முழுசா வேணுங்க.”

அது இன்றைக்கும் மாறவில்லை. இணையவழி இயங்கும் ஐபி பிபிஎக்ஸில் திரையில் ஒரு நம்பரை அடித்தால் அழைப்பு எந்த ஊருக்கும் திரும்பும். லைன் பஞ்சமும் இல்லை. ஆனால் ஒலியைச் சுருக்கும் ஜி.729 போன்ற கோடெக், மனிதக் குரலுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்து விநாடிக்கு 8 கிலோபிட்டுக்குள் அடக்குகிறது. கழிவது ஃபேக்ஸின் உயிர். சுருக்காத ஜி.711இல் விட வேண்டும். அதிலும் பாக்கெட் தவறினால் பக்கம் அறுந்துபோகும். 1998இல் வந்த டி.38 முறை ஒலியை அனுப்பாமல் தகவலாகவே மாற்றி அனுப்புகிறது. ஆனால் வழியில் உள்ள எல்லாக் கருவிகளும் அதை ஏற்க வேண்டும்.

அன்று ஆபரேட்டர் அக்கா காலையில் வந்ததும் ஃபேக்டரிக்குப் போன் போட்டு, “எத்தனை பக்கம் வந்துச்சு, கடைசிப் பக்கத்துல கையெழுத்து இருக்குதா?” என்று கேட்பார். அவர் கேட்டு முடிக்கும்வரை கத்தரி துணியில் இறங்காது. இன்றைய சிஸ்டத்தில் அழைப்பு திருப்பப்பட்டது என்று பதிவாகிறது. தாள் முழுதாகச் சேர்ந்ததா என்பதை அந்தப் பதிவு சொல்வதில்லை. மருத்துவமனையோ வங்கியோ, இன்னும் ஃபேக்ஸைத் திருப்பிவிடும் எந்த அலுவலகமும் அமைப்பை முடித்த அன்றே பல பக்கம் கொண்ட ஒன்றை வெளியிலிருந்து அனுப்பிப் பார்க்கட்டும். மறுமுனையில் ஒருவர் பக்கங்களை எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும். அப்போதுதான் அந்த வேலை முடிந்தது.