பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

கேள்வி: வேலை போய்விட்டது. அடுத்து என்ன என்றே தெரியவில்லை. இறைவனின் எந்த நாமத்தைச் சொல்வது?

பதில்: உங்கள் கஷ்டத்துக்குப் பொருந்துகிற நாமத்தை. வேலூர் பக்கம் விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். வழிப்பறிக்குப் பயந்து வேண்டிய மிளகு வியாபாரிக்கு ஈசனே காவலாக உடன் வந்தார் என்கிறது தலபுராணம். இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது அவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு வெளிநாட்டில் பிரசவம். எனக்கு விசா கிடைக்கவில்லை. இங்கே கிடந்து தவிக்கிறேன்.

பதில்: திருச்சி மலைக்கோட்டைக்காரர் உங்களுக்காகவே இருக்கிறார், அம்மா. பிரசவ நேரத்தில் ரத்னாவதி என்ற பெண் தனியாகத் துடிக்கிறாள். புறப்பட்டு வந்த தாயோ காவிரி வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். ஈசனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வாசலில் வந்து நின்றபோதுதான், வந்திருந்தவர் யாரென்று தெரிந்தது. அன்றிலிருந்து அவர் தாயுமானவர். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் வைத்துப் படைக்கிறார்கள். அந்தத் தாய்க்குக் குறுக்கே காவிரி, உங்களுக்கு விசா. கூப்பிட வேண்டியவர் ஒருவரே.

கேள்வி: நாமம் சொன்னால் போதும், மாத்திரை எதற்கு என்கிறார் உறவினர்.

பதில்: விஷ்ணு சகஸ்ரநாமத்தில் ‘பேஷஜம்’, ‘பிஷக்’ என்று அடுத்தடுத்து இரண்டு நாமங்கள். மருந்தும் அவனே, வைத்தியனும் அவனே. மாத்திரையைப் போட்டுக்கொண்டே பாராயணம் செய்யுங்கள்.

கேள்வி: நாமம் சொல்லும்போதே மனசு ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு ஓடுகிறது. இதில் பலன் உண்டா?

பதில்: ஓடட்டும். மகாபாரதத்தில் சகஸ்ரநாமத்தைச் சொன்ன பீஷ்மர் கிடந்தது அம்புப் படுக்கையில். கேட்ட தருமரோ, போரில் ஜெயித்தும் உறவுகளைப் பறிகொடுத்து நொறுங்கிப்போனவர். வலியில் சொல்லி, துக்கத்தில் கேட்ட நாமங்கள் அவை. உங்கள் கவலைக்கும் அவற்றில் இடமுண்டு. மனசு திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

கேள்வி: இருட்டென்றால் பேரன் நடுங்குகிறான்.

பதில்: காந்தியும் சிறுவயதில் பேய்க்குப் பயந்தவர்தான். அவருக்கு ராமநாமத்தைக் கற்றுத்தந்தவர் வீட்டுப் பணிப்பெண் ரம்பா. அந்த விதை வீண்போகவில்லை என்று தன் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். உங்கள் பேரனுக்கு நீங்கள் ரம்பாவாக இருங்கள்.

கேள்வி: எதிர்வீட்டு பாய் தஸ்பீஹ் உருட்டுகிறார், பக்கத்து வீட்டு அக்கா ஜெபம் செய்கிறார். யார் சொல்லும் பெயருக்குச் சக்தி அதிகம்?

பதில்: போட்டியே வேண்டாம். விவிலியத்தில் வரும் ஆகார், எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிய கர்ப்பிணி அடிமைப்பெண். யாருமில்லாத அந்த இடத்தில், தன்னைக் காண்கிறவர் என்று அவள் கடவுளுக்குப் பெயரிட்டாள். பாய் ஓதும் 99 திருநாமங்களில் முன்வரிசையில் நிற்பது ரஹ்மான், அளவற்ற அருளாளன். தவிக்கிறவர்கள் எல்லோரும் கூப்பிடுவது கருணையைத்தான்.

கேள்வி: கூப்பிட்டும் கேட்டது நடக்காவிட்டால்?

பதில்: நடக்காமலும் போகலாம். எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ரிசல்ட் வரும்வரையும், வந்த பிறகும், நமக்கு ஒரு துணை இருக்கிறது என்ற தெம்பை நாமம் தரும். மறுநாள் எழுந்து உலை வைக்கவும், இன்னொரு டாக்டரைப் பார்க்கவும், இன்னொரு விண்ணப்பம் போடவும் அந்தத் தெம்புதான் வேண்டும். கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள்.