ஓரத்தை நம்பாதே

திருவெள்ளறையில் போர்வைக்கு மரியாதை மார்கழி ஒரு மாதம்தான். விடிகாலை புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்கப் படியேறுகிறவர்கள் போர்த்திக்கொள்வார்கள். மற்ற நாளெல்லாம் அது தரையில் விரிப்பு. அதற்குப் பாட்டி காட்டிய கறார் கல்யாணப் பட்டுக்குக்கூடக் காட்டியதில்லை.

பாட்டி கட்டியது ஒன்பது கஜம் நூல் புடவை. உடல் நைந்து கைவிரல் தெரிகிற அளவுக்கு ஆனாலும் கரை மட்டும் அசையாது; அங்கே பாவு இழை நெருக்கம். போர்வை தைக்கும்போது பழம்புடவையின் உடலை மடித்து மடித்து உள்ளே வைப்பாள், கரையைக் கிழித்துச் சுற்றிலும் போடுவாள். கிழிப்பதுதான், வெட்டுவதில்லை. கத்திரியால் அரை விரல் கீறிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால், இழையோடு பர்ரென்று நேராகப் போய்விடும்.

டேப் கிடையாது. தைத்த போர்வையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பின் மேலேயே கரையை ஓடவிட்டு, முடிகிற இடத்தில் நறுக்குவாள். ஓரத்தில் வைத்து அளந்தால் என்ன என்று கேட்டால், "ஓரத்தை நம்பாதேடி, இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும்" என்பாள். முழுசாக விரிக்க ரேழியில் இடமில்லை என்பது இன்னொரு காரணம். அதை அவள் சொல்ல மாட்டாள்.

கணக்கும் தப்பாது. ஒரு கரை 27 அடி. ஐந்துக்கு ஏழு அடிப் போர்வையைச் சுற்ற 24 அடி. நாலு விரல் அகலக் கரைக்கு மூலைகளில் இன்னும் ஓர் அடி. தையலுக்குப் போக மிச்சம் அடுப்படிப் பிடிதுணி.

மூலைதான் அவள் வித்தை. எங்கள் ஊர் நாலுமூலைக் கேணி தந்திவர்ம பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் எடுப்பித்தது. நாலு பக்கப் படியும் ஒரே திசையில் திரும்பி ஸ்வஸ்திகமாக இறங்கும். பாட்டியின் கரையும் அப்படியே. ஒவ்வொரு பட்டையும் ஒரு முனையில் முட்டி நிற்கும், மறுமுனையில் தாண்டி ஓடும். முதல் பட்டையில் ஒரு சாண் தைக்காமல் விட்டு, நாலாவது வந்து சேர்ந்ததும் மூடுவாள்.

இப்போது என் தங்கை மகள் போர்வை தைக்கிறாள். மன்னிக்கவும், குவில்ட். பெங்களூர் ஆபீஸ் வேலை தில்லைநகர் ஃபிளாட்டிலிருந்து நடக்கிறது. மீதி நேரம் இது. பச்சை மேட், கட்டம் போட்ட அக்ரிலிக் ஸ்கேல், 1979இல் ஜப்பானிய ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்த உருளும் கத்தி. பதினெட்டுக்கு இருபத்திரண்டு இஞ்ச் புதுத் துணிகளை வாங்கி, ஒழுங்காக இருந்ததைத் துண்டு துண்டாக்கி, திரும்ப ஒட்டுகிறாள்.

"பெரியம்மா, ஒரு ரகசியம் சொல்லட்டுமா? பார்டருக்கு ஓரத்தை அளக்கவே கூடாது. நடுவுலதான் அளக்கணும். ஓரம் நீண்டு போயிருக்கும், அப்புறம் பார்டர் அலை அலையா நிக்கும்."

"யாரடி சொன்னா?"

"அமெரிக்காவுல ஒரு மேடம். வீடியோ கோர்ஸ். பணம் கட்டியிருக்கேன்."

அமெரிக்காவைக் குறை சொல்வதற்கில்லை. அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள்; 2006இல் தபால்தலையே போட்டார்கள். பாட்டி போர்வையில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் ஒன்றுக்குப் போனதுதான் மிச்சம்.

இவள் போர்வையில் யாரும் உட்காரக்கூடக் கூடாது. ஏசி இருபதில் ஓடுவதால் பன்னிரண்டு மாதமும் மார்கழிதான், ஆனால் போர்த்திக்கொள்ளக் கடையில் வாங்கிய கம்பளி. குவில்ட் சுவரில் தொங்குகிறது.

போன வாரம் கேட்டாள்: "பெரியம்மா, அடுத்த பார்டருக்குப் பழைய மடிசார் கரைதான் வேணும். விண்டேஜ். உங்க பாட்டி புடவை ஒண்ணாவது இருக்கா?"

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்தில் அம்மா எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் பேரம். தங்கை மகள் கையிலிருந்த காப்பி டவராவைக் காட்டினேன்.

"குடிச்சிட்டு வை. அதுல மூணு புடவை இருக்கு."