அளவா, வரிசையா? லோட் ஆவரேஜ் குறித்த ஒரு சிற்றாராய்ச்சி

யூனிக்ஸ் குடும்பத்துக் கணினி எதிலும் 'அப்டைம்' என்று தட்டினால் வரியின் கடைசியில் லோட் ஆவரேஜ் எனப்படும் மூன்று எண்கள் வந்து நிற்கும். 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் என்று கையேடுகள் அவற்றுக்கு உரை சொல்லும். முதல் எண்ணைப் பார்த்ததும் சர்வர் நிர்வாகிகள் முகம் வெளிறுவது உலகறிந்த வழக்கம். அவ்வழக்கு பிழையுடையது என்பதும், இம்மூன்றில் ஒன்றுகூட நிகழ்காலத்தைச் சொல்வதில்லை என்பதும், ஆகவே அளவை விட்டு, மூன்றும் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்ற வரிசையைப் படிப்பதே முறை என்பதும் இவ்வாராய்ச்சியின் துணிபு.

முதற்சான்று கணக்கு. லினக்ஸ் கெர்னல் ஏறத்தாழ 5 விநாடிக்கொருமுறை ஓடுபவையும் காத்திருப்பவையுமாக எத்தனை ப்ராசஸ் என்று தலை எண்ணுகிறது. பழைய மதிப்பில் 2048-க்கு 1884 பங்கை வைத்துக்கொண்டு, எஞ்சிய 164 பங்கை மட்டும் புதிய எண்ணிக்கைக்குக் கொடுக்கிறது. 1 நிமிட எண் பிறக்கும் விதம் இதுதான். மற்ற இரண்டும் பழசை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்பவை. சும்மா கிடந்த கணினியில் ஒரேயொரு ப்ராசஸ் ஒரு நிமிடம் முழுக்க சிபியுவை உழைக்க வைத்தால், ஒழுங்கான சராசரி 1.00 என்றல்லவா இருக்க வேண்டும்? திரையில் தெரிவது சுமார் 0.63. அது நின்று இன்னொரு நிமிடம் போன பிறகும் 0.23 மிச்சமிருக்கும். ஒரு நிமிடச் சராசரி என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது, மெல்ல மெல்ல மங்கும் ஒரு ஞாபகம்.

'மங்கினால் என்ன, எண் 100 என்றால் சிபியு திணறுகிறது என்றுதானே பொருள்?' என்பார் உளர். 1973-இல் டெனெக்ஸ் கணினிகளின் சுமையைப் பதிந்த ஆர்.எஃப்.சி. 546 என்ற ஆவணத்தின் காலத்தில் அவர் சொல்வது சரி. அன்று எண்ணப்பட்டவை சிபியுவில் ஓடியவையும் அதற்குக் காத்திருந்தவையும் மட்டுமே. லினக்ஸில் 1993-இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் ஒரு திருத்தம் அனுப்பினார். வேகமான ஸ்வாப் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெதுவானதை மாட்டினால் கணினி தவழ்கிறது, லோட் ஆவரேஜோ இறங்குகிறது. இது அடுக்குமா என்பது அவர் வாதம். அன்றிலிருந்து டிஸ்க்கை எதிர்பார்த்து, எழுப்பவே முடியாத உறக்கத்தில் கிடக்கும் ப்ராசஸ்களும் கணக்கில் சேர்ந்தன. ரேஷன் கடையில் பில் போடும் இடத்தில் நெருக்குபவர்களோடு, சரக்கு லாரி வரட்டும் என்று திண்ணையில் சாய்ந்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணுவது போன்றது இது. விளைவு: என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் கோப்பு சர்வர் ஒன்று செத்துப்போனால், அதை நம்பியிருந்த 100 ப்ராசஸ்கள் அப்படியே தொங்க, லோட் ஆவரேஜ் 100-ஐத் தொட, சிபியு மட்டும் குளுகுளுவென்று ஓய்வெடுக்கும். திணறல் எங்கே என்பதை அளவு சொல்லவில்லை. வரிசையோ பொய்க்கவில்லை: முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதென்றால், காரணம் எதுவானாலும், அண்மைக் கூட்டம் முந்தையதைவிடப் பெரிது, சிறிதென்றால் சிறிது.

கோர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தீர்ந்தது என்பது அடுத்த மறுப்பு. 8 என்பது 4 கோருக்கு நெரிசல், 64 கோருக்குத் தூக்கம், உண்மைதான். ஆனால் வகுபடும் எண்ணில் திண்ணைவாசிகளும் கலந்திருக்கையில் ஈவுக்கு என்ன மதிப்பு? மூன்று எண்களும் ஒன்றுபோல் நிற்கும்போது வரிசை ஊமையாகிவிடும். அப்போது அளவைத்தான் பார்த்தாக வேண்டும். இவ்வளவே எதிர்வாதிக்கு விட்டுக்கொடுக்கலாம்.

அப்படியானால் இந்த எண்ணையே தூக்கி எறியலாமே என்பது கடைசி மறுப்பு. அதற்குக் கெர்னலுக்குள்ளேயே ஆதரவு இருக்கிறது: இதைக் கணக்கிடும் கோப்பின் முகப்பிலேயே, இது ஓர் அசட்டு எண், மக்கள்தான் முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்ற கருத்தில் ஒரு குறிப்பு உண்டு. (தம் நூலைத் தாமே இகழும் பாயிரம் வேறெங்கும் காணக் கிடைப்பது அரிது.) 2018-இல் வந்த 4.20 பதிப்பு, சிபியு, மெமரி, டிஸ்க் ஆகியவற்றுக்காகக் காத்து வீணான நேரத்தைத் தனித்தனியே சதவீதத்தில் சொல்லும் பி.எஸ்.ஐ. என்ற மாற்றைக் கொண்டுவந்தது. திணறல் எங்கே என்ற கேள்விக்கு அதில் பதில் உண்டு. அந்தப் பதிலையும் அது 10, 60, 300 விநாடி என்று மூன்று எண்களாகவே அச்சிடுகிறது. அவையும் அதே முறையில் மங்குபவை.