சூரியனுக்கு ஒன்பது நாள் லீவு: மின்சார சபைக்கு ஒரு பகிரங்கக் கடிதம்

பெறுநர்:
இலங்கை மின்சார சபை (அல்லது 2024ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அதன் கதிரையில் உட்காரும் கம்பனிகளில் எது இக்கடிதத்துக்குப் பொறுப்போ அது),
சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை,
கொழும்பு 02.

விடயம்: சூரியன் முன்னனுமதி பெறாமல் பகலில் உதிப்பது தொடர்பாக

மேன்மைதங்கிய சபையார் அவர்களுக்கு,

வடக்கில் கூரைக்கு மேல் சோலர் பனல் பூட்டியிருக்கும் வீட்டுக்காரர்கள் (இனிமேல் 'கூரைக்காரர்') பணிவுடன் அறியத்தருவதாவது: 2025 சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டுச் சபை விடுத்த வேண்டுகோள் அவர்களுக்குக் கிடைத்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, ஒவ்வொரு நாளும் பிற்பகல் 3 மணி வரை, கூரைச் சோலரைத் தாமாக விரும்பி நிறுத்தி வைக்கும்படி அதில் கேட்கப்பட்டிருந்தது. தொழிற்சாலைக்கும் கந்தோருக்கும் விடுமுறை, கரண்டுக்குக் கேள்வி இல்லை, வெயிலோ கொளுத்துகிறது, கட்டமைப்பு தாங்காது என்பது சபை சொன்ன காரணம்.

வேண்டுகோளின் நேரப் பொருத்தத்தைக் கூரைக்காரர் வியந்து பாராட்டுகிறார்கள். புத்தாண்டு பிறப்பதே சூரியன் மேட ராசிக்குள் நுழைவதால்தான். அன்று மருத்துநீர் வைத்து முழுகி, முற்றத்தில் கோலம் போட்டு, புதுப்பானையில் பொங்கிச் சூரியனுக்குப் படைப்பது தமிழர் வழக்கம். நோனகதே வேளையில் கைவேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருப்பது சிங்களவர் வழக்கம். அரசியல்வாதிகள் எழுபது வருடமாக மேடையில் பேசிய தேசிய ஒருமைப்பாட்டைச் சபை ஒரே அறிவித்தலில் சாதித்துவிட்டது: பொங்கல் சூரியனுக்கு, நோனகதே பனலுக்கு.

வானமும் ஒத்துழைத்தது. வருடாவருடம் ஏப்ரல் 5 அளவில் தெற்கே தெவிநுவரவுக்கு நேர் உச்சியில் வரும் சூரியன், ஒவ்வொரு ஊராக வடக்கு நோக்கி ஏறி, 15 அளவில் பருத்தித்துறையின் உச்சியில் நிற்கும். யாழ்ப்பாணத்துப் பனல்கள் தலைக்கு நேர்மேலே வெயில் வாங்கும் அந்த நாட்களைத்தான் சபை அவற்றின் விடுமுறைக்கு ஒதுக்கியது.

நிறுத்துவது எப்படி என்பதும் சொல்லத்தக்கது. கொக்குவிலில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய காசில் பூட்டிய 5 கிலோவாட். வீட்டில் இருப்பவர் எழுபது கடந்த தாயார் மட்டும். விடியற்காலை வட்ஸ்அப்பில் மகன்: "அம்மா, முதல்ல ஏசி பக்கத்து பிரேக்கரை இறக்குங்கோ. அதுக்குப் பிறகுதான் டிசி ஐசொலேற்றரைத் திருப்போணும். மாறிச் செய்துபோடாதேங்கோ." தாயார்: "எந்த ஏசி தம்பி? உன்ரை அறையிலை கிடக்கிற ஏசியோ? அது போன வருசமே பழுதாப் போச்சுது." பிற்பகல் 3 மணிக்குத் திரும்பப் போடுவதற்கு மகன் அங்கே விடியப்புறம் ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழும்பவேண்டும். ஒன்பது நாளும். தேசியக் கட்டமைப்பின் பாதுகாப்பு அந்த அலாரத்தில் தங்கியிருந்தது என்பதைச் சபை பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இனி வரலாறு. கூரைக்காரர் அழையா விருந்தாளிகள் அல்லர் என்பதை நினைவூட்ட இது அவசியம். 2016 செப்டெம்பரில் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' என்று பெயர் சூட்டி, சூரிய சக்திப் போருக்கு ஆள் சேர்த்தது. அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15 ரூபா 50 சதம் என்று இருபது வருட ஒப்பந்தம். 2022இல் டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. அந்த இருட்டிலும் புழுக்கத்திலும் படலையைத் திறந்து வந்த சோலர் விற்பனையாளரை வீட்டுக்காரர்கள் கடவுளாகவே பார்த்தார்கள். அதே ஆண்டில் புதிய இணைப்புக்கான விலை அலகுக்கு 37 ரூபாவானது. 2024இல் அது 27 ரூபா. 2025இல் 5 கிலோவாட் வரையான புதிய கூரைக்கு 20 ரூபா 90 சதம். போருக்கு ஆள் சேர்த்தவர்கள், படை பெருத்ததும் சம்பளத்தைக் குறைத்து, பெருநாளில் வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

கூரைக்காரரும் புனிதர்கள் அல்லர். 37 ரூபா வந்தபோது அந்தக் காசு யார் பில்லிலிருந்து வருகிறது என்று அவர்களில் எவரும் கேட்கவில்லை. 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய கட்டணத்தைக் கட்டியவர்களில், பனல் பூட்டக் கூரையே இல்லாத வாடகைக் குடித்தனக்காரரும் தோட்டத்து லயன் காம்பராக்காரரும் இருந்தார்கள். பனலின் விலை உலகச் சந்தையில் இறங்கும்போது வாங்கும் விலையும் இறங்கத்தான் வேண்டும். இந்த ஒரு விடயத்தில் சபையின் பக்கம் நியாயம் இருக்கிறது. சபைக்கு இது பழக்கமில்லாத அனுபவம் என்பதால் ஒருமுறைக்கு இருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. 2025 பெப்ரவரி 9, முற்பகல் பதினொன்றரை மணி அளவில் நாடு முழுவதும் கரண்ட் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று வலுசக்தி அமைச்சரே அறிவித்தார். அனுமாரை இங்கே இழுக்கத் தேவையில்லை. முகப்புத்தகத்தில் அன்று பின்னேரத்துக்குள்ளேயே அந்தப் பகிடி எழுதித் தீர்ந்துவிட்டது. ஆனால் அன்று கூரைகளுக்குக் கீழே நடந்ததை யாரும் எழுதவில்லை. உச்சி வெயில். பனல்கள் நிறைய வெளிச்சம். இன்வேர்ட்டரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிகிறது. கிணற்று மோட்டார் அரைத் தாங்கியோடு நிற்கிறது. கம்பியில் வேலை செய்யும் ஊழியரை வீட்டுக் கரண்ட் தாக்கக்கூடாது என்பதற்காக, கட்டமைப்பில் மின்சாரம் போனால் சாதாரண இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும்; அது சரியான பாதுகாப்பு ஏற்பாடு. லட்சக்கணக்கில் செலவழித்த கூரைக்காரரும் ஒரு சதம் செலவழிக்காத பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே வேப்பமரத்து நிழலில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். சமத்துவம் வேறெப்படி வரும்?

சில நாட்களில் குற்றவாளி மாறினான். ஞாயிற்றுக்கிழமையில் பாவனை குறைவு, சோலர் அதிகம், அதனால் கட்டமைப்பு ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் பலத்தை இழந்திருந்தது என்று சபை விளக்கியது. இது பகிடி அல்ல, உண்மையான பௌதிகம். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் சுழலிகள் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும் பல தொன் உருக்கு. கனமான பம்பரத்தைத் தட்டினாலும் அது சட்டென்று சாயாது. கட்டமைப்பின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணைக் கொஞ்ச நேரமாவது பிடித்துவைத்திருப்பது அந்தக் கனம்தான். பனலில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. பாரமான இயந்திரங்கள் குறைந்து கூரைகள் கூடிய வேளையில், ஒரு குரங்கின் எடையே போதுமானதாகிவிட்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால் பிறகும் இரண்டு நாள் ஒன்றரை மணிநேர மின்வெட்டு.

கூரைகளில் பூட்டியிருப்பது ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நுரைச்சோலை முழுவதும் சேர்ந்து 900 மெகாவாட்தான். ஆனால் எந்தக் கூரை எந்த நிமிடம் எவ்வளவு தருகிறது என்பது கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவதில்லை, அவற்றை அங்கிருந்து நிறுத்தவும் முடிவதில்லை என்பது சபையின் குறை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, நாடு முழுவதும் ஐந்து நிமிடத்தில் வீட்டு வளவுக்கு வரும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் அரசாங்கம் கணக்கெடுத்தது. ஓடித் திரியும் குரங்கை எண்ண முடிந்த நாட்டில், அசையாமல் ஆணி அடித்து வைத்த பனலை எண்ணுவது எப்படி இவ்வளவு கஷ்டமானது? அதுவும் ஒவ்வொரு பனலுக்கும் அனுமதிப் பத்திரமும் மீற்றரும் கொடுத்தது சபையே.

சபை கண்டுபிடித்த மருந்தின் பெயர் பற்றரி. அது நல்ல மருந்து. இரவு 6.30 முதல் 10.30 வரைதான் நாட்டின் உச்ச வேளை; குசினி, தொலைக்காட்சி, மின்விசிறி எல்லாம் ஒன்றாக ஓடும் நேரம், சபை விலை கூடிய எண்ணெயை எரிக்கும் நேரம். பகலில் சேர்த்த கரண்டை உச்ச வேளையில் பற்றரியிலிருந்து கட்டமைப்புக்குக் கொடுத்தால் அலகுக்கு 45 ரூபா 80 சதம் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. அதே சூரியன், அதே கூரை, மதியம் 20 ரூபா 90 சதம், இரவு அதன் இரண்டு மடங்குக்கும் மேல். சண்டை சூரியனோடு அல்ல, மணிக்கூட்டோடுதான் என்று சபையே விலைப்பட்டியலில் எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டது.

கணக்கைப் பார்க்கலாம். இன்று வீட்டுக்கு வரும் லிதியம் பற்றரிப் பெட்டியில் தலா 3.2 வோல்ற் கொண்ட 16 கலங்கள் தொடராக இணைந்திருக்கும், மொத்தம் 51.2 வோல்ற், 100 அம்பியர் மணி, அதாவது ஏறக்குறைய 5 அலகு. தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டும். அடியில் ஓர் அலகை விட்டுவைத்து 4 அலகை விற்றால் இரவுக்கு 183 ரூபா 20 சதம். மாரியில், கார்த்திகை மார்கழி மழை மூட்டத்தில், பெட்டி நிரம்பாத நாட்களும் உண்டு. பழைய இன்வேர்ட்டர் பற்றரியை ஏற்காது என்றால் அதையும் மாற்றவேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த கூரைக்காரர், அந்த 4 அலகையும் விற்காமல் கரண்ட் போகும் இரவில் இரண்டு மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் வைத்துக்கொள்வதே லாபம் என்ற முடிவுக்கு வருகிறார். பற்றரி பூட்டும் ஒவ்வொரு வீடும் சபையை நம்பாத வீடாக மாறுவது அப்படித்தான்.

பற்றரியின் பெறுமதி சபைக்குத் தெரியாததும் அல்ல. டீசல் இயந்திரத்தில் ஓடும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் பற்றரியும் சேர்ந்த திட்டம் ஒன்று உண்டு. 2021இல் அது சீனக் கம்பனி ஒன்றுக்குப் போனது, இந்தியாவுக்குப் பிடிக்கவில்லை, சீனா ஒதுங்கியது, இந்தியா 1.1 கோடி டொலர் நன்கொடையோடு வந்தது. 2024 மார்ச்சில் புதிய ஒப்பந்தம். மூன்று சின்னத் தீவின் பற்றரிக்காக இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொண்டன. கொக்குவில் தாயாரின் பற்றரிக்கு எந்தத் தூதரகமும் வரப்போவதில்லை.

பெரிய பற்றரிக்கு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. தென் அவுஸ்திரேலியா முழுவதும் 2016 செப்டெம்பரில் இருண்டது. அடுத்த ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி அங்கே ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பற்றரி இயங்கத் தொடங்கியது. அதிர்வெண் சரியும்போது ஒரு விநாடிக்குள் கைகொடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று; அதாவது பாணந்துறையில் அன்று தேவைப்பட்ட அதே வேலை. 2025இல் சபையும் உபநிலையங்களில் பெரிய பற்றரிகள் வைக்க விலைமனு கோரியிருக்கிறது. 2016இல், சங்கிராமத்துக்கு முரசு கொட்டிய அன்றே இதைச் செய்திருக்கலாம் என்று கூரைக்காரர் சொல்லமாட்டார்கள். மரியாதைக்குரிய இடத்தில் அப்படிப் பேசுவது அழகல்ல.

ஆகவே பின்வரும் கோரிக்கைகளைக் கருணையோடு பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள்:

ஒன்று. வீடுகளுக்கான நேர அடிப்படைக் கட்டணத்தில் நெடுங்காலமாக மலிவான வேளை இரவு 10.30 முதல் விடியற்காலை 5.30 வரை. கரண்ட் மிஞ்சிக் கொட்டுவதோ மதியத்தில். தோட்டத்துக்கு நீர் இறைப்பவரும் மின்சார ஓட்டோவுக்கு சார்ஜ் ஏற்றுபவரும் நடுச்சாமத்தில் விழித்திருக்காமல் இருக்க, மலிவு வேளையை மதியத்துக்கு நகர்த்தவேண்டும். கூரை இல்லாதவருக்கும் சூரியனில் ஒரு பங்கு கிடைக்கும்.

இரண்டு. பற்றரிக்கு வீட்டுக்காரரின் சுவரை மட்டும் நம்பியிராமல், பனல்கள் கூடிய ஊர்களில் சபை தன் மின்மாற்றிக்குப் பக்கத்திலும் பொதுவாக ஒன்று வைக்கவேண்டும்.

மூன்று. பெருநாளில் பனலை நிறுத்தச் சொன்னால், நிறுத்தியவரின் அடுத்த பில்லில் அதற்கு ஒரு தொகையைக் கழிக்கவேண்டும். பணம் இல்லையென்றால் கைவிசேஷமாக வெற்றிலையில் வைத்து ஒரு ரூபாவாவது.

நான்கு. அடுத்த வேண்டுகோள் வரும்போது பிரேக்கரின் படத்தையும் போட்டு, எது ஏசி, எது டிசி என்று தமிழில் எழுதி அனுப்பவேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள கூரைக்காரர்

பிரதிகள்:
1. வலுசக்தி அமைச்சு: நடவடிக்கைக்காக.
2. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு: அடுத்த கட்டணத் திருத்தத்துக்கு முன் வாசிப்பதற்காக.
3. பாணந்துறை உப மின்நிலைய மதிலோரம் வசிப்போர்: தகவலுக்காக மட்டும்.