விழிதியூரில் யாரும் சாவதில்லை

விழிதியூர்க்காரர்கள் சொந்த ஊரில் சாகிற கெட்ட பழக்கத்தை மெல்ல மெல்ல விட்டுவருகிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் திண்ணையில் சாய்ந்தால் எங்கள் மாவட்டத் தலைநகரான காரைக்கால் வரை ஆட்டோ. அங்கிருந்து ‘மேல் சிகிச்சை’ என்ற சீட்டோடு ஆம்புலன்ஸ். வண்டி திருவாரூருக்குப் போகலாம், தஞ்சாவூருக்குப் போகலாம். எனக்கு என் அரசாங்கத்தின் ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புதுச்சேரிக்கும் போகலாம். வழியில் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களைத் தாண்ட வேண்டும். தன் தலைநகரத்தில் உயிர்விட இன்னொரு மாநிலத்தின் வழியாகப் போகிற பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்? எங்களைப் போலவே புதுச்சேரியின் தனித் துண்டுகளில் இருக்கிற மாகேக்காரருக்கும் ஏனாம்காரருக்கும் கிடைக்கும். அவர்கள் பாக்கியம் எங்களுடையதைவிட நீளமானது.

பாதி வழியிலோ, போய்ச் சேர்ந்த பிறகோ உயிர் போய்விட்டால் அதற்கும் சட்டம் வழி சொல்லியிருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் செத்த விழிதியூர்க்காரர் தஞ்சாவூர்ப் பதிவேட்டில் ஏறுகிறார். பிணம் மட்டும் ஊருக்குத் திரும்புகிறது, சாவு திரும்புவதில்லை. தங்கள் ஊரில் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள் என்று தஞ்சாவூர்க்காரர்கள் கவலைப்பட்டுக்கொள்ளட்டும். விழிதியூர் இருக்கிற நிரவிப் பக்கத்தில் எங்களுக்கு அனுப்பிப் பழக்கம்: மண்ணுக்குக் கீழே இருப்பதை ஓ.என்.ஜி.சி. எடுத்து அனுப்புகிறது, மேலே இருப்பதை ஆம்புலன்ஸ் எடுத்து அனுப்புகிறது.

அரசாங்கம் எங்களைக் கணக்கெடுக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவை உத்தரப் பிரதேசத்தில் 50.4, இந்தியா முழுக்க 35.2, புதுச்சேரியில் 2.9. நாட்டிலேயே குறைவு. சபாஷ், மாலை கொண்டுவாருங்கள். ஆனால் யார் கழுத்தில் போடுவது? இந்த 2.9-இல் காரைக்காலின் எண் என்ன? காரைக்காலுக்கென்று தனியாக ஒரு மாவட்டத் தாள் அச்சிட்டிருக்கிறார்கள். எத்தனை பெண்களுக்கு ரத்தசோகை, எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை வீட்டில் கழிப்பறை, எல்லாம் அதில் உண்டு. எத்தனை குழந்தைகள் செத்தன என்ற வரி மட்டும் கிடையாது. மாவட்ட அளவில் மாதிரி சிறியது, சாவு விகிதம் சொல்லுமளவுக்கு எண்ணிக்கை போதாது என்பது காரணம். புள்ளியியல்படி நியாயமான காரணம்தான். நாங்கள்தான் போதுமான அளவுக்குச் சாகவில்லை. இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்.

2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 12,47,953. புதுச்சேரி மாவட்டத்தில் மட்டும் 9,50,289 பேர். காரைக்காலில் 2,00,222 பேர். நாலில் மூன்று பேர் இருக்கிற இடத்தில்தான் ஜிப்மர் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அமைச்சர்களின் வீடுகளும் இருக்கின்றன. அந்த மூன்று பேர் நன்றாக இருந்தால் நாலாவது ஆளும் நன்றாக இருப்பதாக எழுதிவிடலாம். டெல்டாவில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையில் எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் போடுகிறார்கள். கடைமடையில் பயிர் கருகுவதை மேட்டூர் அளவுகோல் என்றைக்குக் காட்டியது? காவிரி நடுவர் மன்றமாவது 2007-இல் புதுச்சேரியின் பங்கு 7 டி.எம்.சி. என்று தனியாக எழுதியது. அது காரைக்கால் வயலுக்கான தண்ணீர். நெல்லுக்குத் தனிக் கணக்கு கிடைத்துவிட்டது. நெல் விளைவிக்கிறவன் சாவுக்குத்தான் இல்லை.

வெள்ளைக்காரன் இந்த விஷயத்தில் கொஞ்சம் வெட்கங்கெட்டவன், ஊர் ஊராக எழுதி வைத்தான். 1842-இல் எட்வின் சாட்விக் தந்த அறிக்கையில், இங்கிலாந்தின் ரட்லாண்ட் கிராமப்புறத்தில் கூலிக்காரர்களின் சராசரிச் சாவு வயது 38. மான்செஸ்டர் நகரத்துக் கனவான்களுக்கும் அதே 38. அந்த நகரத்துக் கூலிக்காரர்களுக்கு 17. காசு மட்டுமல்ல, விலாசமும் ஆளைக் கொல்லும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் கிளாஸ்கோவை எடுத்துக் காட்டியது: கால்டன் பகுதியில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 54, சில மைல் தள்ளி லென்சியில் 82. பணக்கார நாடு, ஒரே நகரத்தின் சுற்றுவட்டம், 28 வருட வித்தியாசம். அவர்களுக்கு அவமானம்தான். ஆனால் அந்த அவமானத்தைப் பக்கம் போட்டு அச்சடித்தார்கள். நமக்கு மானம் அதிகம், அச்சடிக்க மாட்டோம்.

நல்லவேளையாக எங்களையும் ஒருமுறை அரசாங்கம் தனியாகப் பார்த்தது. 2022 ஜூலை 3-ஆம் தேதி, காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலை என்று புதுச்சேரி சுகாதாரத் துறை அறிவித்தது. சில வாரங்களுக்குள் சுமார் 700 பேருக்கு வாந்திபேதி. சிலருக்குக் காலரா என்று பரிசோதனையில் உறுதியானது. குடிநீர்க் குழாய் கசிந்து சாக்கடை உள்ளே புகுந்திருந்தது. நல்ல தண்ணீர் கடைமடைக்கு வராவிட்டாலும் கெட்ட தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. யூனியன் அரசு அமிர்த காலம் என்று பேசிக்கொண்டிருந்த வருடம் அது. துணைநிலை ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் படித்த மருத்துவர்.

1854-இல் லண்டன் பிராட் தெருவில் இதே காலரா வந்தபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சாவைக் குறித்துக்கொண்டு, எந்தக் குழாயடியைச் சுற்றிச் சாவு குவிகிறது என்று காட்டினார். அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். 168 வருடம் கழித்து எங்கள் நிர்வாகம் அதைவிட நவீனமாக யோசித்தது: 144 போட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 144, உட்பிரிவு 2. கலவரத்துக்கும் ஊர்வலத்துக்கும் அப்போது போட்டுவந்த அதே பிரிவு. காலராக் கிருமிகள் கும்பலாக நின்று கோஷம் போடும் என்று பயந்தார்களோ என்னவோ. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் லீவு. ஓட்டலில் வெந்நீர் கொடுக்க வேண்டும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. கேஸ் சிலிண்டர் எங்கள் செலவு. குழாய் அரசாங்கத்தினுடையது, குற்றம் கை கழுவாத எங்களுடையது. கேட்டுக்கொண்டோம்.

மாநில எல்லை என்கிறார்களே, அது யாருக்கு எல்லை என்பதையும் பார்த்துவிடலாம். 1739-இல் பிரெஞ்சுக்காரன் காலூன்றிய மண் இது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி அவன் நிர்வாகத்தைக் கைமாற்றினான், எல்லைக்கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அந்தக் கோட்டைச் சாராயம் தாண்டும்: தமிழ்நாட்டை விட இங்கே விலை குறைவு என்பதால் வாஞ்சூர்ப் பக்கம் தினமும் தாகசாந்தி யாத்திரை. புதுச்சேரியின் கஜானாவுக்குக் கலால் வரி, நாகப்பட்டினத்துக் குடும்பத்துக்குக் கல்லீரல் வீக்கம். நிலக்கரித் தூசும் தாண்டும்: காரைக்கால் துறைமுகத்தில் இறங்கும் கரியின் தூசு பட்டினச்சேரிக்கும் நாகூருக்கும் பாரபட்சமில்லாமல் படிகிறது என்று இரண்டு பக்கத்து மக்களும் பல வருடமாகக் கத்துகிறார்கள். தாண்டாதது ஒன்றே ஒன்று. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. எங்கள் சிவப்பு ரேஷன் அட்டையையோ மஞ்சள் அட்டையையோ எடுத்துக்கொண்டு பக்கத்து மாவட்டத் தனியார் ஆஸ்பத்திரியில் நின்றால், ‘நீங்க பாண்டிச்சேரிங்களா?’ என்று அன்பாக விசாரிப்பார்கள். 20 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். குடிக்க வருகிறவனுக்கு அது பக்கத்து ஊர். வைத்தியத்துக்குப் போகிறவனுக்கு வெளி மாநிலம்.

புதுச்சேரியில் இதையெல்லாம் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: ‘உங்களுக்குத்தான் ஜிப்மரே வந்துவிட்டதே.’ வந்தது. 2016-இல் தற்காலிக இடத்தில் கல்லூரி தொடங்கியது. 2024 பிப்ரவரி 25-ஆம் தேதி நிரந்தர வளாகத்தின் முதற்கட்டம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 491 கோடி. பிரதமர் குஜராத்தின் ராஜ்கோட்டில் இருந்தபடியே திறந்துவைத்தார். காரைக்காலின் வைத்தியம் தொலைதூரத்தில்தான் நடக்கும் என்பதற்கு இதைவிட நேர்மையான திறப்பு விழா இருக்க முடியாது. முதற்கட்டத்தில் டாக்டர்கள் உருவாவார்கள். மற்றவை அடுத்தடுத்த கட்டங்களில் வரும். நோயாளிகளும் பொறுப்புணர்ந்து, முதற்கட்டமாகச் சளி, இரண்டாம் கட்டமாக மாரடைப்பு என்று முறைப்படி நோய்வாய்ப்பட வேண்டும். படிக்கிற பிள்ளைகள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவர்களில் எங்கள் பெண்கள் சிலர் வந்தால் ஊரே பட்டாசு வெடிக்கும். கோபமெல்லாம், கட்டடத்தைக் காட்டி வாயை அடைக்கிறவர்கள்மேல்.

சரி, குழாய் உடைந்தால் யாரைப் பிடித்து உலுக்குவது? வார்டு உறுப்பினரையா? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 38 வருடம் கழித்து, 2006-இல். அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2022-இல் குழாயில் சாக்கடை வந்தபோது, நகராட்சியிலும் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் 11 வருடமாக மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு ஆள்கூட இல்லை. நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்க, ஓட்டுக்குப் பயந்த ஒரே ஒரு மனிதன் அந்தத் தெருவில் இல்லை. இருந்தது அதிகாரி, அவர் பயப்பட வேண்டியது 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோப்புக்கு. பதினோரு வருடமாக வாக்குப்பெட்டியைத் திறக்க முடியாத அரசாங்கம், ஒரு மாவட்டத்தின் அத்தனை பள்ளிக்கூடத்தையும் ஒரே உத்தரவில் பூட்டியது. பூட்டத் தெரிகிறது அவர்களுக்கு.